குல்பிப் பானையில் கல்மழை

“குல்பிக்காரன் கூட என் பேத்தி ஓடிப்பூட்டாள்னு சொல்லிக்கினு திரியிறியே சுந்தரம்மா, அவ வாசப்படி தாண்டறப்போ நீயும்தானே பார்த்துக்கினு நின்னே?”

இதை அந்த எதிர்வீட்டுக்காரி முகத்துக்கு நேராகவே கேட்டேன். மறுபடியும் கேட்பேன்.

என் பேத்தி சந்தியா திருப்பதி காலேஜில் படித்தாள். வடமாலபேட்டையில் அவள் வயதுப் பெண்கள் எல்லாம் வேலைக்கு ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ் ஏறியபோது, இவள் மாந்தோப்பில் இலை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தண்ணீரைச் சீசாவில் பிடித்துக்கொண்டு, சாயங்காலமானால் ரங்கனின் குல்பி வண்டிக்குப் போவாள். ஊர் வாய் திறக்க அது போதாதா? புனாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்த சமயம். பேச்சு என் மகன் தேவேந்திரன் காதுக்கும் போனது.

“புனாவும் வேணா, ஒண்ணும் வேணா. மாப்பிள்ளை பார்க்கிறேன்” என்றான்.

சந்தியா அழவில்லை. “நைனா, ஒரே ஒருவாட்டி வண்டியாண்ட வா” என்றாள். நானும் போனேன். விடுவேனா?

ரங்கன் பானையில் ஐஸும் உப்பும் கொட்டிக் குலுக்கினான். உப்பு சேர்ந்தால் ஐஸ் இன்னும் சில்லிடும். குல்பி இறுகுவது அதில்தான். சந்தியா ஒரு தகர மூடியில் எண்ணெய் தடவினாள். ஒரு பக்கம் சுத்தத் தண்ணீர், மறுபக்கம் இலை கழுவிய தண்ணீர், பொட்டுப் பொட்டாக வைத்து ஐஸ் மேல் இறக்கினாள். இலைத் தண்ணீர்ப் பொட்டுகள் ஒவ்வொன்றாக வெளுத்து உறைந்தன. மற்றவை உறையாமல் பனித்துளி மாதிரி அப்படியே நின்றன.

“ரெண்டுக்கும் ஒரே குளிர்தானே?” என்றான் தேவேந்திரன்.

“ஆமா நைனா. ஐஸாவத் தண்ணிக்குப் பிடிச்சிக்க ஏதாவது வேணும். தூசியும் ஆவும். ஆனா இலை மேல கண்ணுக்குத் தெரியாத உயிரு கீது, அது இருந்தா கொஞ்சம் குளிரே போதும். காத்துல ஏறி மேகத்துக்கும் போவுது.”

“அப்போ போன வருசம் ஐஸ்கட்டியா கொட்டி நம்ம மாங்காய அடிச்ச கல்மழை, நம்ம தோப்புலேர்ந்தே போனதா?”

“அதைத்தான் படிக்கப் போறேன். நீ போவ விட்டா.”

“அண்ணா, பானைய மூடிக்கவா? குல்பி உருகுது” என்றான் ரங்கன்.

தேவேந்திரன் சிரித்துவிட்டான். இரண்டு குல்பி வாங்கித் தின்றுவிட்டு, “என்னிக்கு ரயிலு?” என்று கேட்டான்.

கிளம்பும் நாளில் ஆட்டோ வரவில்லை. தேவேந்திரனே ரங்கனைக் கூப்பிட்டு, பெட்டியைக் குல்பி வண்டியில் ஏற்றினான். சந்தியா வாசற்படி தாண்டினாள். முன்னால் வண்டி மணியடித்துக்கொண்டு போக, நடுவில் அவள், பின்னால் அவள் அப்பன். மணிச் சத்தம் கேட்டுத் தெருப்பிள்ளைகள் எல்லாம் பஸ் ஸ்டாண்டு வரை ஓடினார்கள்.

ஆக, குல்பிக்காரனோடு போனது நிஜம்தான். அன்றைக்கு அதே வண்டியை நிறுத்தி, சுந்தரம்மாவும் ஒரு குல்பி வாங்கித் தின்றாள். அதை மட்டும் ஏன் யாரிடமும் சொல்வதில்லை?