நம்பர் போட்ட மரங்கள்

1. முதல் பார்ட்டி

கோலார் தங்கவயலில், அதாவது கே.ஜி.எஃப்.பில் இருந்துகொண்டு பெங்களூரில் வீடு வாங்கிக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதிதான் என் ஆபீஸ். புரோக்கர் என்றாலே ஜனங்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. பொம்பளை புரோக்கர் என்றால் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு வருஷக்கணக்காக வேலை பார்த்தேன். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை, விட்டுவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு மூன்று பேர் கேட்டதால் எழுதுகிறேன்.

நான் முதன்முதலாக அழைத்துப்போன பார்ட்டி இங்கே மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு பென்ஷன்காரர். ஹோஸ்கோட்டே பக்கம் புது லேஅவுட். தண்ணீர் நன்றாக வந்தது, விலையும் படிந்தது. மனிதர் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார், மாடிக்கு ஏறி இறங்கினார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் வாசலுக்கு வந்து நிலைப்படியின் மேலே அண்ணாந்து பார்த்தார்.

"நம்பர் இன்னாமா?"

"இன்னும் குடுக்கலீங்க. லேஅவுட் புதுசு. வரும்."

"நம்பரே இல்லாத வூட்ட எப்டிமா நம்பறது?"

அவ்வளவுதான், அடுத்த ரயிலில் ஊர் வந்து சேர்ந்தோம். வழி நெடுக அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் இங்கே ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். எங்கள் ஜனம் வட ஆற்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆயிற்று, ஒருவரும் வீடு வாங்கியதில்லை. கம்பெனி கொடுத்த வீடு, அதற்கு ஒரு நம்பர். விளக்குக்கு ஒரு நம்பர். ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன், அதிலும் நம்பர். ஷிஃப்ட் முடிந்து கேஜில், அதான் சுரங்க லிஃப்டில், மேலே வந்ததும் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாருடைய டோக்கனாவது திரும்பி வரவில்லை என்றால் அந்த ஆள் இன்னும் கீழேதான் இருக்கிறான் என்று தேட இறங்குவார்கள். நம்பர் இருந்தால் தேட ஆள் உண்டு என்ற நினைப்பு அப்படித்தான் எங்கள் ரத்தத்தில் ஏறியது.

2. ஜன்னலைத் திறந்து வைக்க ஒரு வீடு

தேசிங்கு அண்ணன் எங்கள் லைனில் நாலு வீடு தள்ளி இருந்தவர். சுரங்கத்துக்குள்ளே பாறையில் ட்ரில் அடிக்கிற வேலை. சுரங்கம் மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அவர் நெஞ்சுக்குள் போன கல்தூசி மட்டும் வெளியே வரவில்லை. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். போதாக்குறைக்கு சயனைடு மேடு. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மாவு மண்ணைக் கம்பெனி மலை மலையாகக் கொட்டி வைத்துவிட்டுப் போயிற்று. ஆடிக் காற்று அடித்தால் அது அப்படியே எழுந்து வீட்டுக்குள் வரும். சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும். அவர் மனைவி சுலோச்சனா அண்ணி பழைய பெட்ஷீட்டைத் தண்ணீரில் முக்கி ஜன்னலில் கட்டுவார். காய்ந்தால் மறுபடியும் முக்குவார். சாயங்காலம் அந்த ஷீட்டைப் பிழிந்தால் இறங்குகிற தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன், சுண்ணாம்பு கரைத்தது போல இருக்கும்.

கோலார் ஆஸ்பத்திரி டாக்டர் கையை விரித்துவிட்டார். "மருந்துல ஒண்ணும் ஆகாது. தூசி இல்லாத, மரம் இருக்குற எடமா பாத்துக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க" என்றாராம். ஒரே மகள் பவானி பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு லோன் போட முடிவு செய்தாள். வாங்கினால் ஒரு வீடு, அதுவும் ஒரே ஒரு தடவை. தப்பாகிவிட்டால் இன்னொன்றுக்கு வழி கிடையாது.

ஆபீஸுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "அத்தை, எனக்குப் பெரிய வீடெல்லாம் வேணாம். அப்பா ராத்திரி ஜன்னலத் தொறந்து வெச்சிக்கினு தூங்கணும். அந்த மாதிரி கிரீனா ஒரு ஏரியா பாருங்க, போதும்."

நான் எத்தனையோ பேருக்கு வீடு பார்த்திருக்கிறேன். வாஸ்து கேட்பார்கள், கார் நிறுத்த இடம் கேட்பார்கள். ஒரு ஆள் தூங்குவதற்காக என்று யாரும் கேட்டதில்லை.

3. மரத்துக்கு ட்ரிப்ஸ்

பவானி வாடகைக் கார் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தோம்.

பெங்களூரைச் சுற்றி எந்த லேஅவுட்டுக்குப் போனாலும் பெயரில் பச்சை இருக்கும், இல்லாவிட்டால் காடு இருக்கும். உள்ளே போனால் கேட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும்தான் புல்தரை. அதற்கப்புறம் ஜல்லி. ஒரு இடத்தில் லாரியில் கொண்டுவந்து நட்ட பெரிய பெரிய பனை வகை மரங்கள், நாலு பக்கமும் கட்டை முட்டுக் கொடுத்து நின்றன. ஒவ்வொன்றின் அடிமரத்திலும் ஒரு மருந்துப் பை தொங்கி, டியூப் வழியாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. தேசிங்கு அண்ணன் காரை விட்டு இறங்கவில்லை.

"இன்னாம்மா சரளா, மரத்துக்கே ட்ரிப்ஸ் ஏத்தி வெச்சிகீறானுங்கோ. அதுவே ஆஸ்பத்திரில கீது. அதாண்ட போயி நான் இன்னா கேக்கறது?"

பவானி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கப் பார்த்து இருமலில் மாட்டிக்கொண்டார்.

கடைசியில் பழைய ஏரியாவுக்கே வந்தோம். கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று முட்டுச் சந்தில், முதல் மாடி, கொஞ்சம் இருட்டு. பக்கத்து வீட்டு காம்பவுண்டில் ஒரு பலா மரம், அதன் கிளை இந்த வீட்டு பால்கனி வரை வந்திருந்தது. பச்சை என்று சொன்னால் அது ஒன்றுதான். இரண்டாவது வீடு அகலமான ரோட்டில், தரைத்தளம். ரோட்டின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள், மேலே போய் ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொண்டு நின்றன. நல்ல வெயில் நேரத்தில் போயும் ரோட்டில் வெயில் இல்லை. படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு மரம். ஒரு ஆள் இரண்டு கைகளாலும் கட்டிப் பிடிக்க முடியாது.

அண்ணன் அந்த மரத்தடியில் நின்றார். வழக்கமாக நின்றால் மூச்சு வாங்கத்தான் நிற்பார். அன்றைக்குச் சும்மா நின்றார்.

பவானிக்குச் சந்து வீடுதான் பிடித்திருந்தது. "இங்க வண்டி ஜாஸ்தி அத்தை. அங்க அமைதியா இருக்கு."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் பெயின்ட் டப்பாவோடு வந்தார்கள். ஒவ்வொரு மரமாக நின்று பட்டையைச் சுரண்டி, வெள்ளைக் கட்டம் போட்டு, அதற்குள் கறுப்பில் நம்பர் எழுதினார்கள். ஜன்னலுக்கு எதிர் மரத்துக்கும் எழுதினார்கள். எதற்கு என்று நான் கன்னடத்தில் கேட்டேன்.

"மரம் எண்றாங்கம்மா. எல்லாத்துக்கும் நம்பர் போடணும்னு ஆர்டர்" என்று தமிழிலேயே சொன்னார் ஒருவர்.

"எண்ணி இன்னா பண்ணுவாங்க?"

"கொத்தில்லம்மா, தெரியாது. ஆபீஸ்ல கேளுங்க."

தேசிங்கு அண்ணனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மகளைக் கூப்பிட்டு நம்பரைக் காட்டினார்.

"பாத்தியாம்மா? கணக்குல ஏத்திட்டாங்க. இனிமே எவனும் தொட முடியாது. ஒரு தபா நான் டோக்கனை மறந்து பாக்கெட்லயே போட்டுகினு வூட்டுக்கு வந்துட்டேன். ஒங்கம்மா சோறு போட்டுகினு இருக்கா, வாசல்ல நாலு பேரு வந்து நிக்கறான். அடியில தேடிட்டு வரானுங்கோ. ஒரு டோக்கனுக்கே அப்டி. இம்மாம் பெரிய மரத்த வுட்டுடுவாங்களா?"

"சந்துல இருக்கறதும் மரம்தானேப்பா."

"அதுக்கு நம்பர் இல்ல. நாளைக்கு அந்த வூட்டுக்காரன் வெட்டிட்டான்னா யாரைக் கேப்ப?"

பவானி என்னைப் பார்த்தாள். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் என் வேலையை நான் செய்தேன். ஈ.சி., அதாவது வில்லங்கச் சான்று எடுத்தேன், தாய்ப்பத்திரம் பார்த்தேன், வரி ரசீது பார்த்தேன். மரத்துக்குப் பொறுப்பான ஆபீஸுக்கும் போனேன். கவுன்டரில் இருந்தவர், "கணக்கெடுப்புதாம்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைய தேதிக்கு அவர் சொன்னதில் பொய் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த வீட்டையே வாங்கினார்கள்.

4. நல்ல காலம்

கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். பால் காய்ச்சி முடித்ததும் அண்ணன் நேராகப் படுக்கையறைக்குப் போய் ஜன்னலின் இரண்டு கதவுகளையும் தள்ளித் திறந்தார். பிறகு அந்த ஜன்னல் சாத்தியதே இல்லை என்று அண்ணி சொல்வார். சாயங்காலம் இலைகள் மூடிக்கொள்வதை ஒரு வேலையாக உட்கார்ந்து பார்ப்பாராம். ஒருநாள் எனக்கு அவரே போன் செய்தார்.

"சரளாம்மா, நேத்து படுத்தவன் காலைலதான் ஏந்திரிச்சேன். நடுவுல ஒரு தபா கூட இருமல் வரல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கமிஷன் எத்தனையோ வாங்கியிருக்கிறேன், அதற்கெல்லாம் வராத தண்ணீர். அந்த வருஷத்து ஆடிக் காற்றில் எங்கள் லைனில் எல்லா ஜன்னலிலும் ஈர ஷீட் தொங்கியது. பூட்டிக் கிடந்த அவர் வீட்டு ஜன்னலில் மட்டும் தொங்கவில்லை.

5. போன்

மறு வருஷம் ஒரு காலை நேரம் பவானி கூப்பிட்டாள். "கேளுங்க அத்தை" என்று போனை வெளியே நீட்டினாள். மெஷின் ரம்பத்தின் சத்தம்.

நான் போய்ச் சேர்வதற்குள் ரோட்டின் ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டது. ரோட்டை அகலப்படுத்தி மேம்பாலம் வருகிறதாம். எப்போதோ நோட்டீஸ் ஒட்டினார்களாம், யார் பார்த்தார்கள்? ஏரியாக்காரர்கள் கொஞ்சம் பேர் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பவானி ஒவ்வொரு அதிகாரியிடமும் போய்க் கத்தினாள். ஒருவர் நிதானமாக, "மரத்துக்கெல்லாம் முன்னாடியே நம்பர் போட்டாச்சு மேடம்" என்றார்.

அண்ணன் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் துண்டு. உள்ளே வாங்க என்றால் வரமாட்டேன் என்கிறார். ரம்பக்காரர்களுக்கு முன்னால் ஒருவர் கையிலிருந்த லிஸ்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவர் நம்பரைச் சத்தமாகச் சொல்வார், இவர்கள் அந்த மரத்தைக் கண்டுபிடித்து ரம்பத்தை வைப்பார்கள். ஜன்னல் மரத்தின் முறை வந்தபோது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அது விழுந்த பிறகு வீட்டு வாசலில் சுள்ளென்று வெயில் அடித்தது.

"ஷிஃப்டுல பேரு கூப்புடற மாதிரியே கூப்ட்டானுங்கோ சரளா" என்றார்.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

பாலம் வேலை இன்னும் நடக்கிறது. அந்த வீட்டை இப்போது விற்கப் போனால் லோன் பாக்கி கூடத் தேறாது. பவானி படாத பாடெல்லாம் பட்டுப் பார்த்துவிட்டாள். நானும் பார்ட்டிகளை அழைத்துப்போனேன். கேட்டுக்கு வெளியே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிரீன் ஏரியா என்று பார்ட்டி கேட்டால் மரத்தை அண்ணாந்து பார்க்காதீர்கள். அது யாருடைய மண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். ரோட்டில் நிற்கிற மரம் ரோட்டுக்குச் சொந்தம், ரோடு கேட்கிற அன்றைக்கு அது போகும். அகலமான ரோடு என்றால் சீக்கிரம் போகும். சந்து, முட்டுச் சந்து, காம்பவுண்டுக்குள் ஒரே ஒரு மரம், கொஞ்சம் இருட்டு, இதையெல்லாம் குறையாகச் சொல்லிப் பார்ட்டியைத் திருப்பாதீர்கள். கவுன்டரில் "எதற்கு நம்பர்" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். இந்த ரோட்டுக்கு என்ன பிளான் இருக்கிறது என்று பக்கத்து ஆபீஸிலும் கேளுங்கள். ஒரு ஆபீஸுக்குத் தெரிந்தது அடுத்த ஆபீஸுக்குத் தெரியாது. சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் முட்டி வலியோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே பகலிலேயே லைட் போட்டிருந்தது. ஜன்னல் சாத்தி, அதன் மேல் ஈர பெட்ஷீட். கே.ஜி.எஃப்.பில் கட்டிய அதே நீலக் கட்டம் போட்ட ஷீட்.

"அங்கயாச்சும் காத்து அடிச்சாதான் கட்டுவேன் சரளா. இங்க தெனமும் கட்றேன்" என்றார் அண்ணி. ஷீட்டைப் பிழிந்த வாளித் தண்ணீரை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் மூக்கில் டியூப். ட்ரிப்ஸ் ஏற்றிய அந்தப் பனை மரங்கள் என் நினைப்புக்கு வந்தன. அவருக்கும் வந்திருக்குமோ என்று பயந்து பேச்சை எங்கெங்கோ கொண்டுபோனேன். ஊரிகத்தில் யார் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று சொன்னேன். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. கையால் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அந்த சந்து வூட்டாண்ட ஒரு பலா மரம் இருந்துதே. அது இன்னும் கீதா?"

"இருக்குதுண்ணா. வர்ற வழியிலதான் பாத்தேன். காய் காச்சிகீது."

"நம்பர் போட்டாங்களா?"

"இல்லண்ணா."

கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மூச்சு இழுத்து, அதை விட்டு, இன்னொன்று இழுத்து, பிறகுதான் பேச முடிந்தது.

"போடாமயே இருக்கட்டும்."