மழையும் ஒரு சொட்டுப் பசையும்

இலங்கை மலையகத்து ஹட்டன்ல வாகன வயரிங் வேல பாக்கிறவனுக்கு மழைதான் மொதலாளி. கேட்டாலும் லீவு குடுக்காது. வண்டிய நம்பிப் பொழைக்கிற அத்தன பேருக்கும் இந்த அவஸ்த தெரிஞ்சிருக்கும். நேத்து நல்லா ஓடுன வண்டி, இன்னைக்கு மூடுபனியில ஒரு முனகல்கூட போடாது. தொறந்து பாத்தா, வயர் சேர்ற சொக்கட்டுக்குள்ள பச்சப் பசேல்னு செம்புக் களிம்பு. அதச் சுரண்டி, தொடச்சு, காய வச்சு, மறுபடி தண்ணி உள்ள பூராம ஒரு சொட்டு கிரீஸ் வைக்கிறதுதான் என் பொழப்பு. சக்கரத்துக்குப் போடுற கறுப்பு கிரீஸ் இல்லீங்க. சின்ன டியூப்புல வர்ற, கண்ணாடி நெறத்துப் பச.

கரண்டு போகாத சாமான்

மெயின் ரோட்டுல பலசரக்குக் கட வச்சிருக்கிற முஸ்லிம் அண்ணன நாங்க 'நானா'ன்னுதான் கூப்பிடுவோம். எதையும் விசாரிக்காம விடமாட்டாரு. அவரு வேன்ல பிரேக் லைட் எரியல. நான் பச வைக்கும்போது பக்கத்துலேயே ஸ்டூலப் போட்டு ஒக்காந்துட்டாரு.

"இதுல கரண்டு போகுமா?"

"போகாது நானா."

"அப்ப எதுக்கு?"

மாட்டிக்கிட்டேன்! தகடும் தகடும் இறுக்கிப் பிடிக்கிற எடத்துல பச தானா ஒதுங்கிரும், கரண்டு தகடு வழியா போயிரும், சுத்தி நிக்கிற பச தண்ணிய மட்டும் மறிக்கும்னு வாய் வலிக்கச் சொன்னேன். லைட்டும் பளிச்சுன்னு எரிஞ்சிச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்ன நானா சொன்னாரு: "போகாத சாமானப் போற எடத்துல பூசுறீங்க, லைட்டும் எரியுது. இது அல்லாவுக்குத்தான் தம்பி வெளங்கும்."

ஒரு கொடம் மஞ்சத் தண்ணி

செல்லதொர நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலத் தோட்டத்து ஆளு. பழைய த்ரீவீல் ஆட்டோ ஒண்ணு வாங்கியிருந்தாரு. ஆசைக்கு வாங்குனதில்ல. மொதப் பிரசவத்துல தோட்டத்து லொறிக்குக் காத்துக் கெடந்து, பாதி வழியிலேயே புள்ள தவறிருச்சு. இப்ப அவரு சம்சாரம் லெச்சுமி மறுபடி முழுகாம இருந்திச்சு. இந்தத் தடவ யாரு வண்டிக்கும் காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் அந்த மனுசன் நெனப்பு.

அந்த வண்டிதான் லேசாத் தூறுனாலே நின்னுரும். பின்பக்கத்து மூடியத் தொறந்தேன். என்ஜினெல்லாம் மஞ்சள்! விசயம் என்னன்னா, மாரியம்மன் கோயில்ல வண்டிக்குப் பூச போட்டப்ப, சக்கரத்துல தெளிச்சாப் பத்தாதுன்னு, என்ஜின் மேலயே ஒரு கொடம் மஞ்சத் தண்ணிய மனசாரக் கவுத்திருக்காரு. சொக்கட்டுக்குள்ள மஞ்சளும் களிம்பும் ஒண்ணாக் கொழஞ்சு கெடந்திச்சு. ஏசுறதுக்கு வாயெடுத்தேன். அந்த மொகத்தப் பாத்ததும் துணிய எடுத்துத் தொடைக்க ஆரம்பிச்சிட்டேன்.

"சாமிக்குன்னு நெனச்சுத்தான் ஊத்துனேண்ணே. வண்டிக்கு ஒத்துக்கலையா?"

காணாமப் போன டியூப்

வண்டியச் சரி பண்ணி, செல்லதொரகிட்ட கையோட ஒரு டியூப்பும் குடுத்தனுப்புனேன். களிம்புக்கு மேல பூசுனா பிரயோசனமில்ல, தொடச்சுட்டு அளவா வைக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். கொஞ்ச நாள்லயே இன்னொண்ணு கேட்டு வந்து நிக்கிறாரு. வண்டியப் பாத்தா, எல்லாம் அளவாத்தான் இருக்கு. அப்ப மிச்சம் எங்க போச்சு?

பின்சீட்டுல இருந்த லெச்சுமி கைய முந்தானைக்குள்ள மறைச்சுச்சு. காட்டச் சொல்லிப் பாத்தா, மழையில கொழுந்து பறிச்சுப் பறிச்சு விரலெல்லாம் வெடிச்சுப் போயி, வெடிப்புக்குள்ள என் பச மினுங்குது. "அடப்பாவி மனுசா, இது வண்டிக்குப் போடுறதுய்யா!"ன்னு செல்லதொரய சத்தம் போட்டுட்டு, எதுத்த பார்மசிக்கு ஓடிப் போயி கைக்குப் போடுற மருந்து வாங்கிக் குடுத்தேன். லெச்சுமிக்கு ஒரே சிரிப்பு.

"தண்ணி பூராதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க. அத நம்பி இவருதான் ஒவ்வொரு விரலாப் பூசி விட்டாரு."

முன்னால நின்ன பஸ்

பிரசவம் நெருங்குன வாரம் மழ விடவேயில்ல. செல்லதொர வண்டியக் கொண்டாந்து விட்டாரு. ஒரு சொக்கட் விடாம கழட்டித் தொடச்சு, பச வச்சு இறுக்கி அனுப்புனேன். மறுநா காலையில போன் வந்திச்சு: "வலி வந்திருச்சுண்ணே, கெளம்பிட்டோம்."

அதுக்கப்புறம் எனக்கு வேல ஓடல. தோட்டத்து ரோட்டுல ஒரு எடத்துல தண்ணி கொறுக்கால ஓடும். அதுல எறங்குறப்ப என்ஜின் அணைஞ்சா என்ன ஆகும்? முருகா முருகான்னு கட வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கிட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போறவங்க என் கடையத் தாண்டித்தான் போகணும். செல்லதொர வண்டி வர்றத தூரத்துல கண்டேன். வந்திச்சு, வந்திச்சு... சரியா என் கட வாசல்ல அசையாம நின்னுருச்சு. மழ எரைச்சல்ல என்ஜின் சத்தமும் கேக்கல. டெஸ்டரையும் டியூப்பையும் எடுத்துக்கிட்டு மழையிலயே ஓடி, பின்பக்கத்து மூடியில கைய வச்சேன்.

கம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒதட்டக் கடிச்சுக்கிட்டு இருந்த லெச்சுமி, அந்த வலியிலயும் தலைய வெளிய நீட்டிச்சு.

"பயப்படாதீங்கண்ணே, வண்டி நிக்கல. முன்னால பஸ்ஸுதான் நிக்குது."

அன்னைக்கு மத்தியானமே பொம்பளப் புள்ள பொறந்திச்சு, ரெண்டு பேரும் சொகம். மழைய நிப்பாட்ட முடியாதவன் ஒரு சொட்டுப் பசைய வச்சுட்டு, முன்னால நிக்கிற பஸ்ஸு நகர்ற வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே நடுங்குறதுக்குப் பேருதாங்க வயரிங் வேல.