மூன்று தலையணையோடு சென்னீர்குப்பம் வரை

ஆபரேஷனுக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு ஆவடியிலிருந்து சென்னீர்குப்பம் பக்கம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். தொண்ணூறுகளின் தொடக்கம், நான் பிளஸ் ஒன். அப்பாவுக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகல், மறுநாள் ஆபரேஷன். பஸ் குலுக்கல் ஆகாது என்று ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ பிடித்தோம். ஒன்பது கிலோமீட்டர், முப்பது ரூபாய்.

அப்பா மூன்று தலையணைகளை ஏற்றினார்.

"இன்னா சார், ஊட்ட காலி பண்ணிகினு போறீங்களா?" என்றார் டிரைவர்.

"பொண்ணு தூங்க வேணாமா?"

அங்கேயே எனக்குச் சந்தேகம். நான் வெறும் பாயில் உருள்கிறவள். இரண்டு மாதமாக மூன்றையும் அடுக்கிச் சாய்ந்து தூங்குகிறவர் அவர்தான். கேட்டால், முதுகுக்கு இதமாம்.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். "நாளைக்குக் குப்புறப் படுக்க வைப்போம். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் திண்டு வச்சு, வயித்தத் தொங்க விடுவோம். வயிறு அமுங்கினா நுரையீரல் விரியாது, இதயத்துக்குத் திரும்புற ரத்தமும் குறையும். மல்லாந்து படுத்தா மூச்சு வாங்குதா? எத்தனை தலையணை வச்சுத் தூங்குறீங்க?"

"சேச்சே. ஒரே தலையணைதான்."

புளுகு. மூச்சு வாங்குவது இதயக் கோளாறு என்று தெரிந்தால் ஃபேக்டரியில் லைட் டூட்டிக்குத் தள்ளிவிடுவார்கள், ஓவர்டைம் போய்விடும். குவார்ட்டர்ஸ் அப்பாக்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு.

நேராகப் போட்டுக்கொடுத்தால் எனக்கு உதை விழும். "அப்பா, மல்லாந்து படுத்துக்கிட்டு கண்டக்டர் மாதிரி ஸ்டாப் எல்லாம் ஒரே மூச்சுல சொல்லுங்க, பாப்போம்" என்றேன். வீட்டில் நாங்கள் கட்டும் பந்தயம் அது. அவர் தோற்றதே இல்லை.

வீறாப்பாகப் படுத்தார். "ஆவடி, பருத்திப்பட்டு, காடு..." காடுவெட்டி வரவில்லை. எழுந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தார். டாக்டரம்மா தலையணைகளைப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார்.

"கேடி" என்றார் அப்பா என்னிடம்.

"படுத்ததும் கால் ரத்தம் நெஞ்சுக்கு ஏறும். இதயம் அதைத் தள்ளலைன்னா நுரையீரல்ல நீர் கோக்கும். இந்த நிலைமையில மயக்கம் குடுத்துக் குப்புறப் போட்டிருந்தா..." டாக்டரம்மா கேஸ் ஷீட்டில் மறுநாள் ஆபரேஷனை அடித்தார்.

முதலில் இதயத்துக்கு மருந்து, சில மாதம் கழித்துத்தான் முதுகு. லைட் டூட்டியும் வந்தது. ஒரு வாரம் அப்பா என்னோடு பேசவில்லை.

போகிறவர்களுக்கு: ஆட்டோக்காரரிடம் முன்னாலேயே பேரம் பேசிவிடுங்கள். எத்தனை தலையணை என்று டாக்டர் கேட்டால் நோயாளியின் வாயை நம்பாதீர்கள், அவர் படுக்கையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

முதுகு சரியாகித் திரும்பும்போது, ஆட்டோவில் சென்னீர்குப்பத்திலிருந்து ஆவடி வரை அத்தனை ஸ்டாப்பையும் ஒரே மூச்சில் சொன்னார். காடுவெட்டி பக்கம் திருட்டு மூச்சு ஒன்று இழுத்தாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.