கோரை எது, சம்பு எது

வில்லாபுரத்தில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய காலி மனையில் மழைத்தண்ணீர் தேங்கி, இன்று காலை சன்னலைத் திறந்ததும் அழுகிய கோரையின் வாடை அடித்தது. அப்போதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. இந்த வீடுகள் வருவதற்கு முன் இங்கே ஒரு கண்மாய் இருந்தது. கப்பலூரில் கம்பெனி வேலைக்குப் போன அம்மா, அதன் ஓரப் பாதையில் நடந்துபோய்த்தான் பஸ் ஏறுவாள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு மழைநாளில் அந்தப் பாதை முங்கிவிட்டது. பார்த்த பக்கமெல்லாம் ஆளுயரப் பச்சை. கோரை நின்றால் கெட்டித் தரை, சம்பு நின்றால் புதைசேறு என்பது அங்கேயே விளையாடித் திரிந்த எனக்குத் தெரியும். டவுனில் வளர்ந்த அம்மாவுக்கு எல்லாமே புல்தான்.

"அங்கிட்டுப் போகாதம்மா, அது சம்பு!"

"ரெண்டும் ஒண்ணுபோலத்தானடி இருக்கு," என்று காலை வைத்தவள் தொடைவரை இறங்கிவிட்டாள். தூர்களைப் பிடித்து ஏறியவளின் விரலில் தண்டை உருட்டிக் காட்டினேன்: கோரைக்கு மூன்று ஓரம், சம்பு தட்டை. நான் தடவிக்கொண்டே முன்னால் நடக்க, பின்னாலேயே வந்து கரையேறி, ஒற்றைச் செருப்போடு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா தனியாகத் திரும்ப வேண்டுமே என்று, தவளைகள் கத்தக் கத்த, வீட்டுக்கும் கண்மாய்க்குமாக அலைந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பச்சைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அங்கனயே நில்லுடி. ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்துத்தான் வாரேன்."

கரையேறியதும் என் கன்னத்தைப் பிடித்தாள். உள்ளங்கை முழுக்கக் கோரை கீறியிருந்தது.