வெறுங்குழி

இது நடந்த கதை. பொய்யென்றால் என் பென்சன் இன்றோடு நின்றுபோகட்டும்! உப்பு புளி நான் கொஞ்சம் கூட்டியிருப்பேன். ஆனால் குழி, குழிதான்.

1983 ஜூலை. கண்டிக்குப் பக்கத்தில், வத்தேகமவுக்கு அப்பால் ஒரு சரிவில் வீட்டுத்திட்டம் கட்டப் போகிறார்கள். இடைக்காலத்து ஊரொன்று அங்கே புதைந்து கிடப்பதாகப் பேச்சு. கட்டுமுன் சோதனைக் குழி வெட்டிப் பார்க்க வந்தவர் தொல்பொருள் ஆய்வாளர் தியாகராஜா. யாழ்ப்பாணத்தார். ஆறடி உயரம், ஏழடிக் குரல், தடித்த மூக்குக்கண்ணாடி. ஆளுயரம் வெட்டியும் நாலு ஓட்டுத் துண்டுதான். அதற்குக் கீழே மனிதக் கையே படாத கெட்டி மண்.

"வெறுங்குழி, மஹ்ரூப். நாளைக்கு மூடுவம்," என்றார் வேன் சாரதியிடம்.

அலவத்துகொட ஊர்க்காரன் மஹ்ரூப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்டிப் பக்கம் புகை. கூச்சல் நெருங்கியது.

"சேர், தமிழாக்களத் தேடி வாறானுங்க. குழிக்குள்ள படுங்க!"

"உனக்கென்ன விசரே?"

"படுங்க சேர்!"

படுத்தார். மழைக்குக் குழியை மூடும் தறப்பாளை மஹ்ரூப் மேலே இழுத்துவிட்டான். மாலை ஆறே முக்கால்.

இருட்டு. ஈர மண் வாடை. முதுகுக்கடியில் மண் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது...

மண் மூச்சு விட்டது.

எழும்பப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஏதோ வளைந்து வந்து, நெஞ்சுக்கு மேல் பூட்டிக்கொண்டது. ஐஸ் குளிர். கத்த வாய் திறந்தார். வாய் நிறைய மண்.

சரக்... சரக்...

தறப்பாள் பறந்தது.

நாலு முகம். கத்திகள். டோர்ச் வெளிச்சம் நேரே அவர் கண்ணில்.

விரல்கூட அசையவில்லை.

"ஒருத்தனுமில்லை," என்றான் ஒருவன் சிங்களத்தில்.

போய்விட்டார்கள்.

மஹ்ரூப் மறுபடி எட்டிப் பார்த்தபோது அவர் மண்ணைத் துப்பிக்கொண்டிருந்தார்.

"யா அல்லாஹ்! எங்க சேர் போனீங்க? அவனுங்களோட நானும் பார்த்தேனே... வெறுங்குழி!"

"என்ர கண்ணாடி எங்கை?"

மூக்குக்கண்ணாடி கிடைக்கவேயில்லை. மஹ்ரூப் வீட்டில் ஒளிந்து அவர் தப்பினார்.

மூன்று மாதம் கழித்து வந்து, அதே குழியை இன்னும் ஒரு முழம் வெட்டச் சொன்னார். அந்தக் கெட்டி மண்ணில் ஒரு வெடிப்பில்லை, கிண்டிய தடமில்லை. அதற்கடியில் ஓர் எலும்புக்கூடு, மல்லாந்து. கைகள் மேலே வளைந்து, விரல்கள் கோத்திருந்தன.

அந்த அணைப்புக்குள் தியாகராஜாவின் மூக்குக்கண்ணாடி.

அதில், யாரோ அப்போதுதான் மூச்சு விட்டதுபோல, ஆவி படிந்திருந்தது.