வலது கதவின் குழி

லாரியின் வலது கதவிலிருந்து கை வைக்கும் மெத்தைப் பேடைக் கழற்றிக் கீழே வைத்தபோது, அதன் நடுவில் ஒரு தேங்காய் மூடி அப்படியே உட்காரும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. மேல் ரெக்ஸின் எப்போதோ போய்விட்டது. ஃபோம் மஞ்சள் மாவாக உதிர்ந்து, அதற்கும் கீழே ப்ளைவுட்டே தேய்ந்து வழவழத்துக் கிடந்தது. குழிக்குள் மடித்து வைத்த சாக்குத் துண்டு. அது நகராமலிருக்க சைக்கிள் ட்யூபைக் கிழித்து இரண்டு சுற்றுக் கட்டு. எனக்கு அருவருப்பாக இருந்தது. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, செமஸ்டர் விடுமுறை. தேய்ந்ததையும் உடைந்ததையும் எங்கே பார்த்தாலும் ஸ்பேனரோடு பாய்ந்துவிடுகிற காலம் அது.

லாரி அப்பாவுடையது. மாரண்டஹள்ளிப் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளி ஏற்றிக்கொண்டு வெளியூர் மார்க்கெட்டுகளுக்குப் போகும். என்னைவிட மூத்த வண்டி. நான் பிறந்ததிலிருந்து அதை ஓட்டியவர் டிரைவர் மாமா. உறவு இல்லை, கூப்பிட்டுப் பழகிய முறைதான். திரும்பி வரும்போதெல்லாம் எனக்கென்று ஏதாவது வாங்கி வருவார். கடைசி இரண்டு வருடங்களாக அதை இடது கையால் நீட்டுவார். "பீச்சாங்கையில குடுக்கறாரு பாரு, வயசாக வயசாக மரியாதை போச்சு" என்று அம்மா முணுமுணுப்பாள். கேட்டும் கேளாதவர்போலச் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

புதுப் பேடுகளை நானே செய்தேன். ப்ளைவுட்டை அளந்து அறுத்து, கெட்டி ஃபோம் வாங்கி, சொல்யூஷன் தடவி ஒட்டி, கறுப்பு ரெக்ஸினை இழுத்து மடித்துச் சின்ன ஆணி அடித்தேன். இரண்டு கதவுக்கும் மாட்டிவிட்டுப் பார்த்தபோது அந்தக் கிழட்டுக் கேபினுக்கே வயது குறைந்ததுபோலிருந்தது. மாமா ஏறி அப்பாவின் தக்காளி மண்டி முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டினார். திருப்பத்தில் வண்டி தயங்கி, பின்னால் வந்து, மறுபடி தயங்கியது. இறங்கி வந்தார்.

"ஷோக்காத்தான் இருக்குது பாப்பா. ஆனா அந்தப் பழசையே மாட்டிக் குடுத்துரு."

"ஏன் மாமா? குப்பை அது."

"பழகிப்போச்சு. இதுல முழங்கை வழுக்குது."

எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் பழைய பேடை மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சும்மா கை வைத்து ஓட்டுகிறவருக்கு நீளவாக்கில் பரவலாகத் தேயும். இது ஒரே புள்ளியில், துளைபோட்டதுபோல. முழங்கையை அதில் ஊன்றி, உடம்புப் பாரத்தை முழுவதும் அதன்மேல் போட்டு, தோள் பலத்தில் முன்கையால் ஸ்டியரிங்கைத் தள்ளியிருக்கிறார். அப்படித் தள்ளுகிறார் என்றால் விரல்களில் பிடி இல்லை. இடது கையால் நீட்டிய பண்டங்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. கணக்குக்கு விடை வந்த சந்தோஷத்தில் ஓடினேன்.

"மாமா, உங்க வலது கையில பிடி இல்ல. அப்படித்தானே?"

அவர் முதலில் சுற்றும் முற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசு சாமி. ரெண்டு வருசமா மரத்துப்போயிக் கெடக்குது. பையனுக்கு இன்னும் ரெண்டு மாசத்துல ஹெவி லைசென்ஸு வந்துரும். அவன சீட்டுல உக்கார வெச்சுட்டு நான் எறங்கிக்கறேன். அதுவரைக்கும் முதலாளி காதுல போடாத."

அப்பாவை அவருக்குத் தெரியும். இன்று சீட் காலியானால் நாளைக்கே வேறொருவன் உட்கார்ந்திருப்பான். பையனுக்காக அது காத்திருக்காது. "சரி மாமா" என்றேன். காலையில் பழசையே மாட்டித் தருவதாகவும் சொன்னேன்.

காலையில் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். லோடு ஏறிக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்ததும் லோடுமேன்களிடம் திரும்பினார். "பாருங்கடா, இதுக்குத்தான் சேலத்துல படிக்க வெச்சேன். இஞ்சினு புகையுது, மகராசி மெத்தை தைக்கிறா!"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன், "எங்க வூட்டுக் கட்டிலுக்கும் ஒண்ணு தெச்சுக் குடு பாப்பா" என்றான். எனக்குக் காது மடல் எரிந்தது.

"மெத்தை இல்லப்பா. இந்தக் குழியப் பாருங்க. உங்க டிரைவருக்கு வலது கையில தெம்பே இல்ல. ரெண்டு வருசமா அது தெரியாமத்தான் நீங்க லோடு அனுப்பிட்டிருக்கீங்க."

சிரிப்பு நின்றது. அந்த அமைதி எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன். பேடைத் தூக்கிப் பிடித்து, பாரம் எங்கே விழுகிறது என்றுகூட விளக்கினேன். மாமா நாலடி தள்ளி நின்றிருந்தார்.

அப்பா கத்தவில்லை. கிரேடுப் பெட்டியிலிருந்து நன்றாகப் பழுத்த தக்காளி ஒன்றை எடுத்து மாமாவின் வலது உள்ளங்கையில் வைத்தார். "நசுக்கு."

"முதலாளி..."

"பாப்பா சொல்றது பொய்யின்னா நசுக்கிக் காட்டு. அவள நான் பாத்துக்கறேன்."

விரல்கள் ஒவ்வொன்றாக, யாரோ தூரத்திலிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல மடங்கின. பழத்தின் தோலில் ஒரு பள்ளம்கூட விழவில்லை. "அமுக்குங்கண்ணே, சட்னிக்காவது ஆவட்டும்!" என்றது ஒரு குரல். இடது கை உதவிக்கு வந்தது. "ஒத்தக் கையி" என்றார் அப்பா. தக்காளி நழுவி விழுந்து, முழுசாகவே உருண்டு போனது. மறுபடி சிரிப்பு.

அப்பா சாவிக்குக் கையை நீட்டினார். மாமா இடது கையால் அதைப் பையிலிருந்து எடுத்தார். பிறகு அதை வலது உள்ளங்கைக்கு மாற்றி, இடது கையால் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்து, முறையாக நீட்டினார். என்னைக் கடக்கும்போது, "நல்லாக் கண்டுபுடிச்ச பாப்பா" என்றார். அதில் குத்தல் இருக்கிறதா என்று இன்றுவரை தேடுகிறேன். இல்லை.

நான் சொன்னது உண்மை. அந்தக் கையோடு கணவாய்ச் சாலையில் லோடு வண்டி இறங்கக் கூடாது. எதிரே வருகிறவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். நானும் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கவலை எனக்கு முதல் நாள் வரவில்லை. பழைய பேடை மாட்டித் தரவே ஒப்புக்கொண்டவள் நான். நாலு லோடுமேன்கள் சிரித்ததற்காகத்தான் வாயைத் திறந்தேன்.

லாரி இப்போதும் ஓடுகிறது. மூன்று டிரைவர்கள் மாறிவிட்டார்கள். மண்டியில் ஒரு புது வழக்கமும் வந்துவிட்டது: வேலை கேட்டு வருகிறவன் கையில் அப்பா ஒரு தக்காளியை வைப்பார். அவன் பிழிந்து காட்ட வேண்டும். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள்.

மாமாவின் பையன், அவர் இறங்கிய நாளிலிருந்து சரியாக இரண்டு மாதத்தில் வந்தான். லைசென்ஸை ப்ளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தான். நான் அன்று லீவில் வந்து கிரேடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா அவனிடமும் ஒரு பழத்தைத் தூக்கிப் போட்டார். "உங்கப்பனுக்கு முடியல. நீயாச்சும் நசுக்கு பாக்கலாம்."

லோடுமேன்கள் கிரேடுகளை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள். தடித்த மணிக்கட்டு அவனுக்கு. ஒரு நொடி வேலை. அவன் பழத்தைப் பார்த்தான். சட்டையில் துடைத்தான். எந்தக் கிரேடிலிருந்து வந்ததோ அதிலேயே, மற்றவை நசுங்காமல், மெதுவாக வைத்தான்.

"நல்ல காய்ங்க. ஏத்துங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

"திமிரு!" என்றார் அப்பா. அதே தக்காளியை எடுத்துத் தன் கையாலேயே பிழிந்து, வழியும் சாற்றை உயர்த்திக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.