டைம் அக்கா கூட்டிய விநாடிகள்

பேருந்துப் பணிமனையில் எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு தாமதம் என்று எழுதுவது டைம் அக்காவின் வேலை. ஒரு நிமிடம் பிந்தினாலும் விடமாட்டாள். ஓட்டுநர்கள் அவள் முன்னால் அசடு வழிவார்கள். சாயங்காலமானால் அதே கறாரோடு மொட்டை மாடிக்குப் போய், பைனாகுலரில் செயற்கைக்கோள்களையும் உடைந்த ராக்கெட் துண்டுகளையும் பார்த்து நேரம் குறிப்பாள். யாரும் கேட்டுச் செய்யவில்லை, பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இப்படி வானம் பார்ப்பவர்களின் குழுவில் சென்ற மாதம் அவள் மானம் கப்பலேறியிருந்தது. செயற்கைக்கோள் என்று எழுதியது கடைசியில் விமானமாம். இப்போது எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு துண்டை மூன்று நாள் பார்த்ததாக அனுப்பியிருந்தாள். குழுத் தலைவர் போனில் கூப்பிட்டார்.

"மூணு நாள் கணக்கும் ஒரே பாதையில உட்காரலையேம்மா. எந்தப் பொருளும் இப்படிப் பறக்காது. நாளைக்குள்ள சரியாகலைன்னா, இனி உங்க குறிப்பைச் சேர்க்க முடியாது."

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்தது பொய்யா?

துண்டு ஒரு நட்சத்திரத்தைத் தாண்டும்போது ஸ்டாப்வாட்சை அமுக்குவாள். செல்போனில் அடுத்த முழு நிமிடம் வந்ததும் நிறுத்துவாள். அதை வைத்துத் துண்டு தாண்டிய நேரத்தைத் தையற்காரரான வீட்டுக்காரர்தான் கணக்குப் போடுவார். இந்த வாரம் பள்ளிச் சீருடை அவசரம், அவர் மெஷினை விட்டு எழவில்லை. அவளே போட்டாள். இப்போது அவர் டேப்பைக் கழுத்தில் மாட்டியபடி நோட்டைப் புரட்டினார்.

"ஏழு மணி ஆனப்போ வாட்ச் நாப்பது விநாடி ஓடியிருக்கு. நீ ஏழு மணி நாப்பது விநாடின்னு போட்டிருக்க."

"ஆமாங்க, நாப்பது விநாடி லேட்டு."

"எது லேட்டு? துண்டு தாண்டிப் போய் நாப்பது விநாடி கழிச்சுத்தானே ஏழு மணி ஆச்சு? கழிக்கணும்ல? இது என்ன உன் பஸ்ஸா?"

அக்கா நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். இருபது வருடமாகத் தாமதத்தைக் கூட்டிக் கூட்டியே எழுதிய கை, அதுபாட்டுக்குக் கூட்டியிருக்கிறது. மூன்று நாளையும் திருத்தி அன்றைக்கே அனுப்பினாள்.

மறுநாள் விடியும்போதே போன் வந்தது.

"கச்சிதமா உட்காருதும்மா! ஆறு வருஷமா யார் கண்ணுலயும் படாத ராக்கெட் மூடி. நாங்க கைவிட்டுப் பட்டியல்ல இருந்தே எடுத்துட்டோம், நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அன்று பணிமனையில் ஏழு நிமிடம் பிந்தி வந்த ஓட்டுநர், திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றார்.

"பரவால்ல, வந்து சேர்ந்தீங்களே" என்றாள் அக்கா.

அவர் பதறிப்போய்க் கேட்டார்: "அக்கா, உடம்புக்கு ஏதாவதா?"